ரோஹிங்கியா கேம்ப் குழந்தைங்களும் அவங்க டீச்சருங்களும்: ட்ராமா ட்ரெயினிங் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

உயிர் தப்பி ஓடி வந்து, மனசுல ஆறாத காயத்தோட (அதைத்தான் ட்ராமான்னு சொல்றாங்க) இருக்குற குழந்தைங்களுக்கு பாடம் எடுக்குற டீச்சரை எப்படி தயார் பண்றதுன்னு பொதுவா பேச ஆரம்பிச்சா பிடியே கிடைக்காது. ஜெர்மனில ஒரு சிரியா பையன் ஜெர்மன் பசங்களோட உக்காந்து படிக்கிறதும், கேம்ப்ல ஆயிரக்கணக்கான பிள்ளைங்க மூங்கில் கொட்டாய்ல படிக்கிறதும் வேற வேற கதை. அதனால ஒரே எடத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன்: பங்களாதேஷ்ல இருக்குற காக்ஸ் பஜார். பி.எட் படிக்கிறவங்க, என்ஜிஓ வேலைக்கு போகலாமான்னு யோசிக்கிறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்குறவங்கன்னு பலர் கேக்குற கேள்விங்கதான் கீழ இருக்கு.

இந்த பிள்ளைங்க யாரு? எப்போ வந்தாங்க?

மியான்மர்ல ரக்கைன் மாநிலத்துல இருந்த ரோஹிங்கியா முஸ்லிம்கள். 1982ல வந்த குடியுரிமை சட்டத்தால கிட்டத்தட்ட எல்லாருமே நாடில்லாதவங்களா ஆயிட்டாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அலை அலையா பங்களாதேஷுக்கு வந்திருக்காங்க, ஆனா பெரிய அலைன்னா 2017 ஆகஸ்ட் 25க்கு அப்புறம்தான். ராணுவம் ஊர் ஊரா எரிச்சப்போ சில மாசத்துக்குள்ள 7 லட்சம் பேருக்கு மேல எல்லையை தாண்டி வந்தாங்க. இப்போ காக்ஸ் பஜார் மாவட்டத்துல உக்கியா, டெக்நாஃப் பகுதியில 33 கேம்ப், 10 லட்சத்துக்கு மேல ஜனங்க, அதுல ஏறக்குறைய பாதி பேர் பதினெட்டு வயசுக்குள்ள. 2020 டிசம்பர்ல இருந்து ஒரு பகுதி ஜனங்களை பாஷான் சர்னு ஒரு தீவுக்கும் கொண்டு போயிருக்காங்க.

2017ல நடந்ததுதானே? இப்போ அஞ்சாறு வயசுல இருக்குற குழந்தை கேம்ப்லயே பொறந்தது, அதுக்கு என்ன ட்ராமா?

இது நல்ல கேள்வி, ஆனா இதுக்குள்ள ஒரு தப்பான கணக்கு இருக்கு. எல்லையை தாண்டின அன்னிக்கே கெட்டதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறோம். 2021 மார்ச் 22ல பாலுகாலி கேம்ப்ல பிடிச்ச தீயில சுமார் 45,000 பேர் வீடு இழந்தாங்க, 2023 மார்ச்ல மறுபடி ஒரு தீ, சுமார் 12,000 பேர். வருஷா வருஷம் மழைக்காலத்துல மண்சரிவு, 2023 மே மாசம் மோக்கா புயல். நைட்ல ஆயுத கும்பலுங்க சண்டை. 2021 செப்டம்பர்ல ரோஹிங்கியா தலைவர் மொஹிப் உல்லாவை கேம்ப்புக்குள்ளயே சுட்டுக் கொன்னாங்க, அவரும் மியான்மர்ல ஒரு டீச்சரா இருந்தவர்தான். அடுத்த மாசமே ஒரு மதரசாக்குள்ள புகுந்து ஆளுங்களை கொன்னாங்க. இதுக்கெல்லாம் நடுவுல 2023ல ரேஷன் தொகையை ஒரு ஆளுக்கு மாசம் 12 டாலர்ல இருந்து 10, அப்புறம் 8ன்னு குறைச்சாங்க (பிறகு திரும்ப ஏத்தினாங்க). பசியோட இருக்குற அம்மா, தூக்கம் வராத அப்பா, வெளிய போய் வேலை பாக்க அனுமதி இல்லாத அண்ணன், இவங்க கூட ஒரே ரூம்ல வளர்ற குழந்தைக்கு 2017 ஞாபகம் இல்லைன்னாலும் அந்த வீட்ல 2017 இருக்கு.

அங்க ஸ்கூல் இருக்கா? டீச்சர் யாரு?

ஸ்கூல்னு சொல்ல மாட்டாங்க, லேர்னிங் சென்டர்னு சொல்வாங்க. பங்களாதேஷ் 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, இவங்க திரும்பிப் போயிடணும்ங்கிறதுதான் அரசாங்கத்தோட நிலைப்பாடு, அதனால நிரந்தர கட்டடம் கூடாது, வங்காள மொழி பாடத்திட்டம் கூடாது. மூங்கில், தார்ப்பாய், தரையில பாய், ஒரு ஷிஃப்டுக்கு சுமார் 40 பிள்ளைங்க, ரெண்டு மணி நேரம், அப்புறம் அடுத்த ஷிஃப்ட். மொதல்ல கேம்ப்புக்குன்னே செஞ்ச தற்காலிக பாடத்திட்டம் இருந்துச்சு, 2021 கடைசியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா மியான்மர் பாடத்திட்டத்துக்கு மாத்தினாங்க. நடுவுல கோவிட்ல 2020 மார்ச்ல இருந்து ஒன்றரை வருஷம் மூடியே கெடந்துச்சு.

ஒரு சென்டருக்கு பொதுவா ரெண்டு பேர். ஒருத்தர் உள்ளூர் பங்களாதேஷ்காரர், காக்ஸ் பஜார், சிட்டகாங் பக்கத்து ஆள், அவங்க பேசுற பேச்சு ரோஹிங்கியா மொழிக்கு ரொம்ப கிட்ட இருக்குறதால பிள்ளைங்களோட ஓரளவு பேசிக்க முடியும். இன்னொருத்தர் ரோஹிங்கியா வாலண்டியர், பர்மிய மொழி எடுப்பார். இவருக்கு பேரு வாலண்டியர், கெடைக்கிறதுக்கு பேரு ஊக்கத்தொகை, ஆனா பாக்குறது முழு வேலை. 2012 கலவரத்துக்கு அப்புறம் ரக்கைன்ல ரோஹிங்கியா பசங்களை யூனிவர்சிட்டிக்கே விடல, அதனால டிகிரி முடிச்ச ரோஹிங்கியா டீச்சரை தேடினா கெடைக்கிறது கஷ்டம், பத்தாவது படிச்சிருந்தாலே பெரிய விஷயம். "பயிற்சி பெற்ற ஆசிரியர்"னு நாம பழகின கணக்குல ஒரு ட்ரெயினிங் பிளான் போட்டா அது இங்க மொத நாளே படுத்துடும்.

பாதிக்கப்பட்ட குழந்தையை கிளாஸ்ல எப்படி கண்டுபிடிக்கிறது?

அழுவுற குழந்தையை எல்லாரும் பாத்துடுவாங்க. கண்ணுல படாததுதான் நெறைய. ஒரு பையன் பக்கத்துல இருக்குறவனை காரணமே இல்லாம அடிப்பான், டீச்சர் கணக்குல அவன் வாலு. ஒரு பொண்ணு மூணு மாசமா ஒரு வார்த்தை பேசாம மூலையில உக்காந்திருக்கும், டீச்சர் கணக்குல அது நல்ல பொண்ணு, தொந்தரவே இல்ல. ஒருத்தன் நேத்து சொல்லிக்கொடுத்த எழுத்தை இன்னிக்கு மறந்திருப்பான், மக்குன்னு முத்திரை விழுந்துடும். நைட் முழுக்க தூங்கலைன்னா எந்த மூளைதான் ஞாபகம் வெச்சுக்கும்?

மத்தபடி பொதுவான அறிகுறிங்க: சின்ன சத்தத்துக்கே தூக்கி வாரிப்போடுறது, கெட்ட கனவு, விட்டுப்போன படுக்கையில ஒண்ணுக்கு போற பழக்கம் திரும்ப வர்றது, அம்மாவை விட்டு நகராம ஒட்டிக்கிறது, வயித்து வலி தலைவலின்னு அடிக்கடி சொல்றது, ஒரே விளையாட்டை திரும்ப திரும்ப விளையாடுறது. 2017ல வந்த பிள்ளைங்க வரைஞ்ச படத்துல ஹெலிகாப்டரும் எரியுற வீடும் திரும்ப திரும்ப வந்துச்சு.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். இந்த லிஸ்ட்டை கையில வெச்சுக்கிட்டு டீச்சர் நோய்க்கு பேர் வைக்க கூடாது. பி.டி.எஸ்.டின்னு (கொடுமையான அனுபவத்துக்கு அப்புறம் வர்ற மனநோய்) எழுதுறது டாக்டர் வேலை. டீச்சர் எழுத வேண்டியது "ரெண்டு வாரமா சாப்பாட்டை தொடல, யாரோடயும் விளையாடல"ன்னு கண்ணால பாத்தது மட்டும். பெரும்பாலான குழந்தைங்களுக்கு பாதுகாப்பும் வழக்கமான வாழ்க்கையும் கெடைச்சாலே இதெல்லாம் படிப்படியா குறைஞ்சிடும், சில பேருக்குத்தான் தனி சிகிச்சை தேவைப்படும்.

அப்போ டீச்சர் கவுன்சிலர் ஆகணுமா?

வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் ட்ரெயினிங் நடத்துற ஆளுங்களே மறந்துடுறாங்க. மூணு நாள்ல ஃப்ராய்டுல ஆரம்பிச்சு மூளை படம் வரைக்கும் போட்டுக்காட்டி, கடைசியில டீச்சர் என்ன நெனைச்சுக்கிட்டு வெளிய வர்றாருன்னா நாமளும் பாதி சைக்காலஜிஸ்ட்னு. இல்லைன்னா இன்னும் மோசம், ஐயோ இதெல்லாம் நம்மால ஆகாது, தப்பா எதாவது சொல்லிட்டா குழந்தை உடைஞ்சு போயிடுமோன்னு பயந்து அந்த குழந்தைகிட்ட பேசுறதையே நிறுத்திடுறாரு.

ஐ.நா. அமைப்புங்களும் என்ஜிஓக்களும் சேர்ந்து 2007ல வெளியிட்ட மனநல வழிகாட்டுதல்ல நாலு அடுக்கா பிரிச்சிருப்பாங்க. அடியில சாப்பாடு, தங்குமிடம், பாதுகாப்பு. அதுக்கு மேல குடும்பம், ஊர், பள்ளிக்கூடம் குடுக்குற ஆதரவு. மூணாவது, பயிற்சி எடுத்த பணியாளர் தனியாவோ சின்ன குழுவாவோ உக்கார வெச்சு குடுக்குற உதவி. உச்சியில சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட். டீச்சரோட எடம் ரெண்டாவது அடுக்கு. அது சின்ன எடம் கிடையாது, அதிகமான பிள்ளைங்களை தொடுற எடமே அதுதான், உச்சியில இருக்குற டாக்டர் வருஷத்துக்கு எத்தனை குழந்தையை பாத்துட முடியும்? என்ன பிரச்சனைன்னா ரெண்டாவது அடுக்கு வேலை வெளிய இருந்து பாத்தா சாதாரண டீச்சர் வேலை மாதிரியே தெரியும், போட்டோ எடுத்து போட ஒண்ணும் இருக்காது.

சரி, ட்ரெயினிங்ல என்னதான் சொல்லிக்கொடுக்கணும்?

என்னை கேட்டா மொத பாடம், ஒரே மாதிரி நடக்குற கிளாஸ். கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்னு தெரியாம வளர்ந்த குழந்தைக்கு, தெனமும் அதே நேரத்துல அதே ஆள் வாசல்ல நின்னு பேரை சொல்லி கூப்பிடுறாரு, மொதல்ல ஒரு பாட்டு, அப்புறம் எழுத்து, அப்புறம் கணக்கு, கடைசியில ஒரு கதைன்னு இருந்தா, அதுவே மருந்துல பாதி. இன்னிக்கு என்னென்ன பண்ணப்போறோம்னு ஒரு சார்ட்ல படமா வரைஞ்சு ஒட்டிட்டு, முடிஞ்சதை ஒண்ணொண்ணா காட்டிக்கிட்டே போகலாம். எதாவது மாறப்போவுதுன்னா முந்தின நாளே சொல்லணும். "நாளைக்கு நான் வரமாட்டேன், எனக்கு மீட்டிங் இருக்கு, நாளான்னிக்கு வந்துடுவேன்", இந்த ஒரு வரியை சொல்லாம ஒரு டீச்சர் ரெண்டு நாள் காணாம போனா சில பிள்ளைங்க மனசுல அது சாவுதான். அவங்க வாழ்க்கையில காணாம போனவங்க திரும்பி வரல.

அடுத்தது டீச்சரோட உடம்பும் குரலும். கத்தாம கூப்பிடுறது, பின்னாடி இருந்து தொடாம இருக்குறது, கதவை அடைச்சுக்கிட்டு வழியை மறிச்சு நிக்காம இருக்குறது. தார்ப்பாய் மேல மழை அடிச்சா உள்ள பேசுறதே கேக்காது, அந்த நேரத்துல பாடத்தை நிறுத்திட்டு எல்லாரும் கை தட்டுற விளையாட்டுக்கு மாறலாம்னு முன்கூட்டியே யோசிச்சு வெச்சிருக்கணும். தீ வந்தா எந்த வழியா போகணும்னு பயிற்சி குடுக்கணும், அதையும் திடீர்னு விசில் ஊதி இல்லாம, முன்னாடியே சொல்லி மெதுவா நடந்து காட்டி. திடீர் டிரில் நடத்தி பாதி கிளாஸை அலற விட்டா அதுக்கு பேர் பாதுகாப்பு பயிற்சியா?

மூணாவது, ஜெயிக்க வைக்கிறது. இதை நெறைய கையேட்டுல ஒரு பத்தியோட முடிச்சுடுறாங்க, எனக்கு அது ஏன்னே புரியல. ஒரு குழந்தை இன்னிக்கு தன் பேரை எழுத கத்துக்கிச்சுன்னா அதுக்குள்ள ஒண்ணு நிமிரும். பாவம் பிள்ளைங்க, கஷ்டப்பட்டு வந்திருக்கு, எதுக்கு படிக்க சொல்லி தொல்லை பண்றதுன்னு சில டீச்சருங்க நல்ல மனசோட பாடத்தையே குறைச்சுடுறாங்க. அந்த இரக்கத்தால குழந்தைக்கு நஷ்டம்தான். பாடத்தை சின்ன சின்ன துண்டா உடைச்சு குடுங்க, ஆனா குடுங்க.

அவசரகால கல்விக்கான கூட்டமைப்பான ஐ.என்.இ.இ. நெருக்கடி பகுதி டீச்சருங்களுக்குன்னே ஒரு பயிற்சி தொகுப்பு போட்டிருக்கு. அதுல நாலு பகுதி: டீச்சரோட பொறுப்பும் நலனும், குழந்தை பாதுகாப்பு, கற்பிக்கிற முறை, பாடத்திட்டமும் திட்டமிடலும். பாருங்க, ட்ராமான்னு தலைப்பு போட்டு தனி பகுதியே இல்ல, எல்லாத்துக்குள்ளயும் கலந்திருக்கு. அது சரியான அமைப்புன்னுதான் நான் சொல்வேன்.

நடந்ததை சொல்லச் சொல்லி கேட்டா மனசு லேசாகும்னு சொல்றாங்களே?

கூட்டமா உக்கார வெச்சு "உங்க ஊர்ல என்ன நடந்துச்சு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னு கேக்குறதை தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. கெட்டது நடந்த கையோட ஒரே தடவை உக்கார வெச்சு எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னு சொல்லியிருக்கு. அப்படி சொன்ன குழந்தை அதுக்கப்புறம் யாரோட போகும்? கிளாஸ் முடிஞ்சா டீச்சர் வண்டி ஏறி ஊருக்கு போயிடுவார், சாயங்காலத்துக்கு மேல வெளியாளுங்க கேம்ப்ல தங்க கூடாது. கேட்டுக்கிட்டு இருந்த மத்த 39 பிள்ளைங்க கதி என்ன?

குழந்தை தானா வந்து சொன்னா அது வேற. அப்போ கேளுங்க. குறுக்க பேசாதீங்க, மேல மேல தோண்டாதீங்க, "எல்லாம் சரியாயிடும்"னு பொய் சத்தியம் பண்ணாதீங்க. "சொன்னதுக்கு நன்றி, உன் மேல தப்பே இல்ல"ன்னு சொன்னா போதும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுக்காதீங்க, ஏன்னா குழந்தைக்கு ஆபத்துன்னா நீங்க சொல்லித்தான் ஆகணும். 2011ல உலக சுகாதார நிறுவனம் மத்தவங்களோட சேர்ந்து போட்ட உளவியல் முதலுதவி கையேட்டுல இதை பார், கேள், இணைத்து விடுன்னு மூணு படியா சொல்லியிருப்பாங்க, மூணாவது படியை மறந்துடாதீங்க.

படம் வரையறது? தாராளமா வரையட்டும். ஆனா "உன் சோகத்தை வரை"ன்னு தலைப்பு குடுக்காதீங்க. என்ன வேணா வரையட்டும், மரம் வரைஞ்சாலும் சரி துப்பாக்கி வரைஞ்சாலும் சரி. அந்த படத்தை, காசு குடுக்குறவங்களுக்கு அனுப்புற டோனர் ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுக்குறது இருக்கே, அதை பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கிளாஸ் நடுவுல ஒரு குழந்தை திடீர்னு அலறினா இல்ல அப்படியே உறைஞ்சு போனா?

ரெண்டு டீச்சர் இருக்குற கிளாஸ்னா ஒருத்தர் மத்த பிள்ளைங்களை பாத்துக்கணும், இன்னொருத்தர் இந்த குழந்தைகிட்ட போகணும், யார் எதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். பக்கத்துல போய் அது கண்ணு மட்டத்துக்கு உக்காந்து, தாழ்ந்த குரல்ல பேரை சொல்லி கூப்பிட்டு "நீ இப்போ கிளாஸ்ல இருக்க, நான் உன் டீச்சர், வெளிய போனது லாரி சத்தம்"னு நடப்பை சொல்லணும். கட்டிப்பிடிக்காதீங்க, இழுக்காதீங்க. காலை தரையில அழுத்தி வைக்க சொல்லலாம், பாயோட கலர் என்ன, சுவத்துல என்ன படம் இருக்குன்னு கேக்கலாம், தண்ணி குடுக்கலாம். மூச்சு பயிற்சி சில பேருக்கு உதவும், சில பேருக்கு கண்ணை மூடச் சொன்னாலே பயம் வந்துடும், அதனால கண்ணை மூடுறது எப்பவுமே கட்டாயம் கிடையாது. சரியானதும் அதே கிளாஸ்ல சுலபமான ஒரு வேலை குடுத்து சேத்துக்கணும். வீட்டுக்கு அனுப்பிட்டா அது தண்டனை மாதிரி ஆயிடும்.

அடிக்காம இந்த கூட்டத்தை எப்படி சமாளிக்கிறது?

பங்களாதேஷ் உயர் நீதிமன்றம் 2011லயே பள்ளிக்கூடத்துல அடிக்கிறது சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. ஆனா சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், டீச்சருங்க அடி வாங்கி படிச்சவங்க, "தோலை உரிச்சாலும் பரவால்ல, படிக்க வைங்க"ன்னு பெத்தவங்களே சொல்வாங்க (நம்ம ஊர்லயும் இதேதான், கண்ணை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சுடுங்கன்னு சொன்ன அப்பாக்கள் எத்தனை பேர்). ட்ரெயினிங்ல அடிக்காதேன்னு மட்டும் சொல்லிட்டு விட்டா டீச்சர் கையில ஒண்ணுமே இல்லாம நிப்பார், ரெண்டு வாரத்துல பிரம்பு திரும்ப வந்துடும். அதுக்கு பதிலா என்ன பண்ணணும்னு நடிச்சு பழகணும். மூணு நாலு விதி, அதுவும் பிள்ளைங்களே சொன்ன விதி. வாலு பையனுக்கு சாக்பீஸ் குடுக்குற பொறுப்பு. "நல்ல பையன்"னு பொதுவா புகழாம "நீ இன்னிக்கு உன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்த, நான் பாத்தேன்"னு குறிப்பா சொல்றது. சண்டை வந்தா யார் ஆரம்பிச்சதுன்னு கோர்ட் நடத்தாம ரெண்டு பேரையும் முதல்ல தனித்தனியா ஆற விடுறது.

அடி வாங்குற குழந்தைக்கு டீச்சரும் ராணுவக்காரனும் ஒண்ணாயிடுவாங்கன்னு நான் சொன்னா மிகைன்னு தோணும், ஆனா உடம்புக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, ஓங்கின கை மட்டும்தான் தெரியும்.

பொம்பளப் பிள்ளைங்களுக்கு தனியா எதாவது?

வயசுக்கு வந்ததும் நெறைய பொண்ணுங்களை வீட்ல நிறுத்திடுறாங்க. பாதுகாப்பு பயம், வழக்கம், சீக்கிரம் கல்யாணம், எல்லாம் சேர்ந்து. பெண் டீச்சர், பொண்ணுங்களுக்கு மட்டும் தனி ஷிஃப்ட், கூட்டிட்டு போய் விட ஒரு பெரியம்மா, இது மூணும் இருந்தா வர்றாங்க. ட்ரெயினிங் வைக்கிறப்போ பெண் டீச்சருங்க வர்ற மாதிரி நேரமும் எடமும் இருக்கணும், கைக்குழந்தையோட வந்தா உக்கார எடம் இருக்கணும். வன்முறைக்கு ஆளான பொண்ணுன்னு டீச்சருக்கு தெரிய வந்தா அது அந்த பிளாக்குக்குள்ள ஒருத்தருக்கும் கசிய கூடாது, கசிஞ்சா அந்த பொண்ணோட மிச்ச வாழ்க்கையே போச்சு.

யார்கிட்ட அனுப்புறது?

சென்டர் நடத்துற அமைப்புல குழந்தை பாதுகாப்புக்குன்னு ஒரு பொறுப்பாளர் இருப்பார், அவர் மூலமா கேஸ் வொர்க்கர், அங்க இருந்து தேவைப்பட்டா கேம்ப் ஹெல்த் சென்டர்ல மனநல ஆள். பேப்பர்ல இது அழகா அம்புக்குறி போட்டு இருக்கும். ட்ரெயினிங் நடக்குற அன்னிக்கே அந்த நம்பருக்கு போன் பண்ணி பாக்க சொல்லுங்க, எடுக்குறாங்களா, இப்பவும் அதே ஆள்தான் இருக்காரான்னு. ஆள் மாறிக்கிட்டே இருக்குற எடம் அது. அனுப்பினா அங்க பாக்க யாருமே இல்லைன்னா, டீச்சரை மட்டும் "அறிகுறி கண்டுபிடிங்க"ன்னு தயார் பண்றது அநியாயம்.

தற்கொலை பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கிறது, வீட்ல அடி, பாலியல் கொடுமை, கடத்தல் சந்தேகம், இதுக்கெல்லாம் காத்திருக்க கூடாது, அன்னிக்கே சொல்லணும்.

டீச்சரே எல்லாத்தையும் இழந்தவரா இருந்தா?

ரோஹிங்கியா வாலண்டியருங்க எல்லாருமே அப்படித்தான். குழந்தை பாத்த அதே தீயை அவங்களும் பாத்திருக்காங்க, அதே சந்துலதான் தூங்குறாங்க. ஒரு குழந்தை அப்பாவை கொன்னதை சொல்லும்போது அந்த டீச்சருக்கு தன் தம்பி ஞாபகம் வரும். அது அவருக்கு பலமும்தான், பிள்ளைங்க நம்புறது அவரைத்தான், ஆனா அதுக்கு விலை இருக்கு. பங்களாதேஷ் டீச்சருங்க நெலமையும் லேசு இல்ல. 2017க்கு அப்புறம் உக்கியா டெக்நாஃப் பக்கம் விலைவாசி ஏறுச்சு, கூலி குறைஞ்சுது, காடு போச்சு, "எங்க ஊரை எடுத்துக்கிட்டாங்க"ங்கிற கசப்பு ஊர்ல இருக்கு. அந்த கசப்போட வளர்ற குடும்பத்துல இருந்து வந்து இந்த பிள்ளைங்களுக்கு பாசமா பாடம் எடுக்கணும். இதை ட்ரெயினிங்ல வெளிப்படையா பேசலைன்னா கிளாஸ்ல வேற ரூபத்துல வரும்.

"டீச்சர் நலன்"னு சொல்லி அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி மட்டும் குடுத்துட்டு சம்பளத்தை ரெண்டு மாசம் தள்ளிப் போடுற நிர்வாகங்களை நம்ம நாட்டுலயும் பாக்கலாம். நலன்னா நேரத்துக்கு காசு, அழுதா லீவு, கஷ்டமான கேஸை பகிர்ந்துக்க மாசத்துல ரெண்டு தடவையாவது டீச்சருங்க மட்டும் கூடுற ஒரு வட்டம், மேலதிகாரி இல்லாம. இதுக்கு அப்புறம் மூச்சுப் பயிற்சி வரட்டும், நல்லதுதான்.

மூணு நாள் ட்ரெயினிங் போதுமா?

ஆரம்பிக்க போதும், முடிக்க போதாது. மூணு நாள் உக்காந்து கேட்டதுல பாதி அடுத்த வாரமே மறந்துடும், கிளாஸ்ல மொத சண்டை வரும்போது மீதியும் போயிடும். ரெண்டு நாள் ட்ரெயினிங், அப்புறம் வாரா வாரம் ஒருத்தர் கிளாஸுக்கு வந்து பின்னாடி உக்காந்து பாத்து "அந்த பையனை கூப்பிட்ட விதம் நல்லா இருந்துச்சு, அடுத்த வாரம் இதை ஒண்ணை மட்டும் மாத்தி பாருங்க"ன்னு சொல்றது, ஆறு மாசத்துக்கு அப்படி போனா ஒட்டும். டீச்சருங்களே ஒருத்தர் கிளாஸை ஒருத்தர் பாக்குறது இன்னும் நல்லது, செலவும் கம்மி.

பாஷையையும் பாக்கணும். இங்கிலீஷ்ல ஸ்லைடு, வங்காளத்துல விளக்கம், அதை ரோஹிங்கியா வாலண்டியர் பாதி புரிஞ்சுக்கிட்டு தலையாட்டுறாரு. ரோஹிங்கியாவுல பேசி நடத்தினா மட்டும்தான் கேள்வி வரும். அப்புறம் சேர் டேபிள் போட்ட ஹோட்டல் ஹால்ல நடத்தாதீங்க, அதே மூங்கில் சென்டர்ல தரையில உக்காந்து நடத்துங்க, 40 பேருக்கு நடுவுல எப்படி நடந்து போய் மூலையில இருக்குற குழந்தையை சேர்றதுன்னு அங்கதான் தெரியும்.

பாட்டு, விளையாட்டுன்னு நேரத்தை வேஸ்ட் பண்றாங்கன்னு பெத்தவங்க சொல்றாங்களே?

சொல்வாங்க. காலையில மக்தப்ல குர்ஆன் ஓதிட்டு வர்ற பிள்ளை இங்க வந்து குதிச்சுக்கிட்டு இருந்தா அவங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். இதுக்கு நல்ல உதாரணம் பங்களாதேஷ் என்ஜிஓவான பிராக் சின்ன பிள்ளைங்களுக்கு நடத்துற விளையாட்டு மையங்கள். அங்க வெளிநாட்டு பாட்டை கொண்டு வரல, ரோஹிங்கியா அம்மாக்கள் பாடுற காப்பியான்னு சொல்ற ரைம்ஸையும் அவங்க ஊர் விளையாட்டையும் கேட்டு சேகரிச்சு வெச்சாங்க, ரோஹிங்கியா பொண்ணுங்களையே நடத்த வெச்சாங்க. 2020 டிசம்பர்ல, சிசேம் ஸ்ட்ரீட்ங்கிற குழந்தைங்க டிவி நிகழ்ச்சியை எடுக்குற சிசேம் வொர்க்ஷாப் நூர், அஜீஸ்னு ஆறு வயசு ரோஹிங்கியா இரட்டை பொம்மைகளை அறிமுகம் பண்ணினது கூட பிராக்கோட சேர்ந்த அந்த திட்டத்துலதான். தாத்தா பாடின பாட்டு கிளாஸ்ல கேட்டா பெத்தவங்க வாயை மூடிடுவாங்க.

இதெல்லாம் வேலை செய்யுதுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கு, ஆனா விளம்பரத்துல சொல்ற அளவுக்கு சுத்தமா இல்ல. இந்தோனேசியாவுல போசோங்கிற எடத்துல மதக்கலவரம் பாத்த பிள்ளைங்களுக்கு பள்ளியில 15 செஷன் நடத்தி பாத்தாங்க, 2008ல வந்த முடிவுல ட்ராமா அறிகுறிங்க குறைஞ்சிருந்துச்சு. கிட்டத்தட்ட அதே முறையை நம்ம யாழ்ப்பாணத்துல 9ல இருந்து 12 வயசு வரைக்கும் 399 பிள்ளைங்ககிட்ட நடத்தினாங்க, 2012ல முடிவு வந்துச்சு. முக்கியமா எதிர்பார்த்த அறிகுறிகள்ல ஒட்டுமொத்தமா பெருசா மாற்றம் இல்ல. முரட்டு நடத்தை குறைஞ்சுது, பசங்களுக்கு ஓரளவு பலன், போர் நெருக்கடி கம்மியா இருந்த வீட்டு பிள்ளைங்களுக்கு பலன். ஆனா பெண் பிள்ளைங்கள்ல, அந்த பயிற்சில கலந்துக்கிட்டவங்களை விட கலந்துக்காதவங்களுக்கே ட்ராமா அறிகுறி அதிகமா குறைஞ்சிருந்துச்சு. அதாவது நல்லது பண்றோம்னு நெனைச்சு பண்றதும் ஒருத்தருக்கு இடைஞ்சலா ஆகலாம், அதுவும் வெளிய சண்டை ஓயாம இருக்கும்போது.

அதனாலதான் காக்ஸ் பஜார் மாதிரி ஆபத்து ஓயாத எடத்துல டீச்சர் கையில ட்ராமா செஷன்களை குடுக்குறதை விட கிளாஸையே அமைதியான எடமா ஆக்குற ட்ரெயினிங் குடுக்குறதுதான் பத்திரம்னு நான் நெனைக்கிறேன்.

2025ல ஃபண்டு கட் ஆச்சே, அதுல என்ன ஆச்சு?

அமெரிக்கா உட்பட பல நாடுங்க உதவியை வெட்டினதுல 2025 ஜூன்ல யூனிசெஃப் ஆதரவுல இருந்த உள்ளூர் டீச்சருங்க ஆயிரத்துக்கும் மேல வேலை இழந்தாங்க, முக்கியமா சின்ன வகுப்புங்க அடிபட்டுச்சு. டீச்சருங்க ரோட்டுக்கு வந்து போராடினாங்க. வருஷக்கணக்கா ட்ரெயினிங் குடுத்து தேத்தின ஆளுங்க அவங்க. பிள்ளைங்க பக்கம் யோசிச்சா, மறுபடியும் ஒரு பெரிய ஆள் சொல்லாம காணாம போயிட்டார். காசு முடியப்போவுதுன்னு தெரிஞ்சா டீச்சரும் பிள்ளைங்களும் முறையா விடை பெற்றுக்க ஒரு வாரமாவது நேரம் குடுக்கணும்னு எந்த ஒப்பந்தத்துலயாவது எழுதினா தேவலை.

தமிழ்நாட்டுல டீச்சரா இருக்கேன், எனக்கு இதுல என்ன?

சென்னைக்கு பக்கத்துல கேளம்பாக்கத்துல புயல் காப்பகத்துல ரோஹிங்கியா குடும்பங்க 2012 வாக்குல இருந்தே இருக்காங்க, பிள்ளைங்க அரசு பள்ளிக்கூடம் போய் தமிழ் படிக்கிறாங்க. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைங்க பெரும்பாலும் இங்கயே பொறந்தவங்க, 2022ல பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் படகுல வந்து மண்டபத்துல தங்கின பிள்ளைங்களும் உண்டு. உங்க கிளாஸ்ல அப்படி ஒரு குழந்தை இருந்தா "கேம்ப் பையன்"னு கூப்பிடுறதை முதல்ல நிறுத்துங்க, குடும்பத்தை பத்தி கட்டுரை எழுத சொல்றதுக்கு முன்னாடி வேற தலைப்பும் ஒண்ணு சேர்த்து குடுங்க, தீபாவளிக்கு வெடிச்சத்தம் வர்ற வாரத்துல கொஞ்சம் கவனிச்சுக்கோங்க.

ஒரு மாசம் லீவு போட்டு காக்ஸ் பஜார் போய் பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்கலாமா?

கேம்ப்புக்குள்ள போகவே அகதிகள் நிவாரண ஆணையர் ஆபீஸ் அனுமதி வேணும், ஏற்கனவே அங்க வேலை பாக்குற அமைப்பு மூலமாத்தான் அது நடக்கும். அனுமதியே கெடைச்சாலும் பிள்ளைங்க முன்னாடி போய் நிக்காதீங்க, பாஷை தெரியாத ஆள் ஒரு மாசம் பாசம் காட்டிட்டு கெளம்புறதால அவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. டீச்சர் ட்ரெயினிங்ல அனுபவம் இருந்தா அங்க இருக்குற டீச்சருங்களோட உக்காந்து பாடம் திட்டமிட, மெட்டீரியல் தயார் பண்ண உதவலாம், அதுல நெறைய வேலையை இங்க இருந்தே ஆன்லைன்ல பண்ண முடியும்.